கிங் நாள் கூட்டத்தை இப்படி நடத்துங்கள்

ஜனவரி மூன்றாவது திங்கள்கிழமை, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை நினைவுகூரும் நாள். அந்த வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கூட்டத்தை ஒருங்கிணைக்கிறவள் நான். அமெரிக்காவில் படிக்கும் நீங்களும் நடத்த நினைத்தால், கிங்கின் பேச்சைத் திரையில் ஓடவிட்டு முடித்துவிடாதீர்கள். வருகிறவர்கள் இருபது வயதுக்காரர்கள். அவர்கள் வயதில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் என்ற கடையில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறும் இடத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழவில்லை. மறுநாள் இன்னும் பலரோடு வந்தார்கள். நாஷ்வில் நகரில் இப்படி அமைதியாகப் போராட மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். நம்ம நாக்பூரில் சில வருடம் இருந்து, காந்தியின் வழியைக் கற்றுப் போனவர். பயிற்சியில் மாணவர்களே ஒருவரையொருவர் திட்டி, தள்ளி, திருப்பி அடிக்காமல் இருக்கப் பழகினார்கள். இதையெல்லாம் பேராசிரியர் பேசுவதைவிட மாணவர்கள் மாறி மாறி வாசித்தால் அரங்கம் கவனித்துக் கேட்கும்.

கடைசி வாசிப்பு ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையாக இருக்கட்டும். 1962இல் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காகவே, பல வருடம் உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர். வந்தவர்கள் அங்கேயே வாக்காளராகப் பதிய ஒரு மேஜை போட்டு, வாசிப்பு முடிந்த கையோடு அதைக் காட்டுங்கள். மேஜை அரங்கத்துக்குள்ளேயே இருக்கட்டும். வாசலில் வைத்தால் பாதிப் பேர் கடந்து போய்விடுவார்கள்.

இங்கே ஒன்றில் மிகக் கவனம் வேண்டும். மாணவர் விசா, வேலை விசா, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பதியக்கூடாது. குடிமகன் என்று தவறாகக் கையெழுத்துப் போட்டால் நாடு கடத்தும் அளவுக்குச் சிக்கல் வரலாம். அதனால் நுழைகிற எல்லோர் கையிலும் படிவத்தைத் திணிக்காதீர்கள். முகத்தைப் பார்த்து யூகிக்கவும் வேண்டாம். "அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்" என்று மைக்கில் சொல்லுங்கள், மேஜையிலும் எழுதி வையுங்கள். மற்றவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேஜை போடுங்கள். நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பொதுவாக, குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம். பேருந்து, வாடகை, தெருவிளக்கு என்று அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் தேதியை அங்கே ஒட்டி, சேர்ந்து போகப் பெயர் எழுதி வாங்குங்கள்.

எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவாக மேடையில் பேச்சு வரக்கூடாது. பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் மாணவர் கல்லூரி முகவரியிலோ பெற்றோர் வீட்டு முகவரியிலோ பதியலாம். ஓட்டு ஒரே இடத்தில்தான்.

அப்புறம், மாணவர்கள் அடிக்கடி அறை மாறுவார்கள். தேர்தலுக்கு முன், பதிவுக் கெடு முடிவதற்குள், "முகவரி மாறியதா? மாற்றிப் பதியுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.