மால்டாவில் எந்தக் கடற்கரைக்குப் போவது? முதலில் காற்றைப் பாருங்கள்

மால்டாவில் என் முதல் கடற்கரைப் பயணம் வீணாய்ப் போனது. படத்தைப் பார்த்து மயங்கி, தலைநகர் வலெட்டாவிலிருந்து 44ஆம் நம்பர் பஸ் பிடித்து கோல்டன் பே போனேன். இறங்கினால் கம்பத்தில் சிவப்புக் கொடி, ஆளுயர அலை. அதே நேரம் தீவின் மறுகரையில் கடல் குளம் மாதிரி கிடந்ததாம். இரவு பக்கத்து அறைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "காத்து எந்தப் பக்கம்னு பாக்கலையா?" என்று கேட்டார். பார்க்கத் தெரியாது என்பதே உண்மை.

1. வரைபடத்தில் கரைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மால்டா தீவின் நீளம் 27 கி.மீ.தான். ஒரு கரை கொந்தளித்தால் எதிர்க்கரைக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம். மேற்கே கோல்டன் பே, அயின் துஃபீஹா. வடக்கே மெல்லீஹா விரிகுடா. தென்கிழக்கே பிரிட்டி பே, செயின்ட் பீட்டர்ஸ் பூல். தொடக்கத்துக்கு இந்த ஐந்து போதும்.

2. முந்தைய இரவு காற்றைப் பாருங்கள்

விண்டி போன்ற செயலியில் திசை, வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தடுமாறுவது திசையில்தான். வடமேற்குக் காற்று என்றால் வடமேற்கிலிருந்து வருவது. நம் வாடை வடக்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் வருகிற மாதிரி. மால்டாக்காரர்களும் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வடமேற்கிலிருந்து வந்தால் மய்யிஸ்த்ரால், வடகிழக்கு என்றால் கிரிகால், தென்கிழக்கு என்றால் ஷ்லொக். மர்ஸாஷ்லொக் என்ற மீனவர் ஊரின் பெயருக்கே 'தென்கிழக்குத் துறைமுகம்' என்றுதான் பொருள். அந்த விரிகுடா எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது!

இனி பொருத்திப் பார்ப்பது எளிது. அதிகம் அடிப்பது மய்யிஸ்த்ரால். அன்றைக்கு மேற்குக் கரையை மறந்துவிட்டுத் தென்கிழக்கே போங்கள். ஷ்லொக் அடித்தால் நேர்மாறாக, கோல்டன் பே அமைதியாக இருக்கும். கிரிகால் வந்தால் மெல்லீஹா வேண்டாம். அப்போதும் மேற்கே போகலாம். மணிக்கு 15 கி.மீ.க்குள் என்றால் நான் திசையைப் பொருட்படுத்துவதில்லை. 25ஐத் தாண்டினால் பார்க்காமல் கிளம்புவதே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். காற்று நின்ற மறுநாளும் அலை ஓயாமல் இருக்கலாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் காற்றடைத்த மெத்தையில் குழந்தையை உட்காரவைத்தால், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது நூறடி தள்ளிப் போயிருக்கும்.

ஓத அட்டவணையைத் தேடவே வேண்டாம். இங்கே கடல் ஏறி இறங்குவதெல்லாம் ஏறக்குறைய ஒரு சாண்தான்.

3. மணலா, பாறையா?

மால்டாவின் கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் மெல்லீஹாதான் சரி. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. வலெட்டாவிலிருந்து 41, 42 பஸ்கள் போகின்றன.

செயின்ட் பீட்டர்ஸ் பூல் இதற்கு எதிர். மணலே கிடையாது. பாறை விளிம்பிலிருந்து நேரே ஆழத்தில் குதிக்க வேண்டும், ஏணி பிடித்து ஏற வேண்டும். நிழலும் இல்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்தால் மட்டும் போங்கள். பாறைக்கேற்ற ரப்பர் செருப்பு அவசியம்.

எனக்குப் பிடித்தது அயின் துஃபீஹா. 'ஆப்பிள் ஊற்று' என்று பொருள். செம்பழுப்பு மணல், பின்னால் களிமண் சரிவு. கோல்டன் பேயிலிருந்து பத்து நிமிட நடைதான். சுமார் 200 படி இறங்க வேண்டும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது; உச்சி வெயிலில் ஏறும்போதுதான் ஒவ்வொரு படியையும் எண்ணுவீர்கள். மாலை நான்குக்கு மேல் போய், அஸ்தமனம் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

4. ப்ளூ லகூன்

எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். நீலத் தண்ணீருக்குப் பேர்போன இடம் இது. கொமினோ தீவில் இருக்கிறது, படகில் போக வேண்டும். நிறம் பொய்யில்லை. கூட்டமும் பொய்யில்லை. 2025 முதல் முன்பதிவும் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நான் போகமாட்டேன்.

5. கொடியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

பாதுகாவலர் உள்ள கரைகளில் கொடி பறக்கும். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சளுக்குக் கவனம், சிவப்புக்கு வேண்டாம். ஊதா என்றால் பெரும்பாலும் சொறிமீன் (ஜெல்லிமீன்) வந்திருக்கிறது. கரையை நோக்கி அடிக்கும் காற்றுதான் அதையும் கூட்டிவரும். கொடி இல்லாத இடத்தில், கரையோரம் ஊதா நிறத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி ஏதாவது ஒதுங்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். செத்துக் கிடந்தாலும் கொட்டும், கையால் எடுக்காதீர்கள்.