கோல் விழுந்தால் மேதை, விழாவிட்டால் முட்டாளா? கால்பந்து விவாதங்களில் நாம் செய்யும் தவறுகள்

2021 ஆகஸ்ட் 11, பெல்ஃபாஸ்ட். ஐரோப்பிய சூப்பர் கப்பில் இங்கிலாந்தின் செல்சியும் ஸ்பெயினின் வில்லாரியலும் 1-1 என்று நிற்கின்றன. கூடுதல் நேரமும் முடியப்போகிற 119-வது நிமிடத்தில், செல்சி பயிற்சியாளர் தோமஸ் டூகெல் கோல்கீப்பர் மெண்டியை வெளியே கூப்பிட்டுக்கொண்டு கெபாவை உள்ளே அனுப்பினார். சமனை உடைக்க இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட்அவுட்டில் கெபா இரண்டு பந்துகளைத் தடுத்தார். கோப்பை செல்சிக்கு. என்ன மூளை இந்த ஆளுக்கு என்று ஊரே டூகெலைத் தலையில் தூக்கி வைத்தது.

ஆறு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 27 அன்று வெம்ப்ளியில் லீக் கப் இறுதியாட்டம். எதிரே லிவர்பூல், ஸ்கோர் 0-0. மறுபடியும் கடைசி நேரத்தில் மெண்டி வெளியே, கெபா உள்ளே. லிவர்பூல் அடித்த 11 பெனால்டியும் வலைக்குள் போயின. கடைசியில் கெபா அடித்த பந்தோ கம்பத்துக்கு மேலே பறந்தது. 11-10, லிவர்பூல் வெற்றி. தலையில் தூக்கி வைத்தவர்களே, நன்றாக ஆடிக்கொண்டிருந்த கீப்பரை எந்தப் புத்திசாலி மாற்றுவான் என்று கேட்டார்கள்.

முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. முடிவு எடுத்த விதத்தைப் பார்க்காமல், விளைவை மட்டும் பார்த்து மார்க் போடுவது. சூப்பர் கப் முடிந்ததுமே டூகெல் விளக்கியிருந்தார்: இது திடீர் யோசனை இல்லை, பெனால்டி தடுப்பதில் கெபாவின் விகிதம்தான் மேல் என்று கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் கணக்கு காட்டினார்கள், இரண்டு கீப்பர்களிடமும் முன்பே பேசியாகிவிட்டது. அந்தக் கணக்கு பெல்ஃபாஸ்டில் சரி என்றால் வெம்ப்ளியிலும் சரி. தப்பு என்றால் இரண்டு இடத்திலும் தப்பு. வெம்ப்ளியில் மெண்டி பிரமாதமாக ஆடினார் என்பது உண்மை. ஆனால் ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தடுப்பது ஒரு வித்தை, பெனால்டியைத் தடுப்பது வேறு வித்தை. (இதே கெபா 2019 லீக் கப் இறுதியாட்டத்தில், அப்போதைய பயிற்சியாளர் சார்ரி வெளியே வரச் சொன்னபோது வர மாட்டேன் என்று மைதானத்திலேயே நின்றுவிட்டவர். செல்சியும் கீப்பர் மாற்றமும் ஒரு தனிக்கதை.)

விளைவு வரும் முன்பே கருத்தைச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். மாற்று வீரர் கோட்டுக்கு வெளியே நிற்கும்போதே சரியா தப்பா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் இதை ஒரு சீசன் முழுக்கச் செய்து பார்த்தேன். நான் தப்பாகச் சொன்னவற்றின் எண்ணிக்கையை இங்கே எழுதுவதாக இல்லை.

அடுத்தது, ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துச் சட்டம் போடுவது. 2022 உலகக் கோப்பையில் டிசம்பர் 6 அன்று, போர்ச்சுகல் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சாண்டோஸ் ரொனால்டோவை பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் இடத்தில் இறங்கிய கொன்சாலோ ராமோஸ் ஹாட்ரிக் அடிக்க, சுவிட்சர்லாந்து 6-1 என்று நொறுங்கியது. ரொனால்டோ இல்லாவிட்டால்தான் போர்ச்சுகல் நன்றாக ஆடும் என்ற தீர்ப்பு அன்றிரவே எழுதப்பட்டது. நான்கே நாளில், மொராக்கோவிடம் 0-1. அன்றும் ரொனால்டோ பெஞ்சில்தான் தொடங்கினார். உடனே தீர்ப்பு தலைகீழானது.

இரண்டு பக்கமும் விட்டுவிட்ட விஷயம் எதிரணி. அதுவரை அந்த உலகக் கோப்பையில் மொராக்கோ வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல், அதுவும் தன் ஆளே தன் வலைக்குள் தட்டிவிட்டது. அப்படிப்பட்ட சுவரை சுவிட்சர்லாந்து ஆட்டத்தோடு ஒப்பிடவே முடியாது. தவிர, ரொனால்டோ 51-வது நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டார். ஏறக்குறைய 40 நிமிடம் கிடைத்தும் கோல் வரவில்லை என்பதை அவர் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சாண்டோஸ் அடுத்த சில நாளிலேயே பதவியை விட்டுப் போனார்.

அதற்காகப் பயிற்சியாளரைக் குறையே சொல்லக் கூடாது என்றில்லை. சரியான இடத்தில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2020 இறுதியாட்டத்தில் இங்கிலாந்து பயிற்சியாளர் கேரத் சவுத்கேட், ஷூட்அவுட்டுக்காகவே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசி நிமிடத்தில் இறக்கினார். காலில் பந்து சரியாகப் படும் முன்பே பெனால்டி அடிக்கப் போன இருவரும் தவறவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த 19 வயது சாக்காவும் தவறவிட்டார். உலகமே அந்த மாற்றத்தைப் பற்றித்தான் பேசியது. என் கணக்கில் சவுத்கேட்டின் பெரிய பிழை அதற்கு வெகு முன்னால் நடந்தது. இரண்டாவது நிமிடமே கோல் அடித்த இங்கிலாந்து, இரண்டாம் பாதியில் பந்தை இத்தாலியிடம் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போனது. ஆனாலும் சவுத்கேட்டின் முதல் மாற்றம், இத்தாலி 67-வது நிமிடத்தில் சமன் செய்த பிறகுதான் வந்தது. கடைசிக் காட்சி மனத்தில் ஒட்டிக்கொள்வதால் பழியும் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த மூன்று இளைஞர்கள் மேல் கொட்டப்பட்ட இனவெறி வசவுகளை விமர்சனம் என்று சொல்லவே கூடாது. பெனால்டி அடிக்க ஆட்களைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று சவுத்கேட்டே பொறுப்பேற்றார்.

சரி, விருதுகளுக்கு வருவோம். விருது எதை அளக்கிறது, யார் ஓட்டுப் போடுகிறார்கள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கணக்கு என்பதைப் பார்க்காமலே அநியாயம் என்று கத்துவதுதான் இங்கே வழக்கம்.

உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரும் பாலன் டி ஓர் விருது, 2022 முதல் காலண்டர் ஆண்டை விட்டுவிட்டு சீசனைக் கணக்கில் எடுக்கிறது. 2023-இல் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் மூன்று கோப்பை வென்றிருக்க மெஸ்ஸிக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டவர்களில் பலர், 2022 டிசம்பரில் மெஸ்ஸி வென்ற உலகக் கோப்பையும் அதே கணக்குக்குள் விழுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் ஹாலண்ட்தான் என்று வாதாடலாம், அது நியாயமான சண்டை.

2024 கதை இன்னும் சுவாரசியம். விருது வென்ற ரோட்ரிக்கு 1,170 புள்ளி, ரியல் மாட்ரிட்டின் வினிசியஸுக்கு 1,129. ரியல் மாட்ரிட் ஆட்கள் கோபித்துக்கொண்டு பாரிஸ் விழாவுக்கே வரவில்லை. சிறந்த அணி விருதும், சிறந்த பயிற்சியாளர் விருதும் அவர்களுக்கே என்று மேடையில் அறிவித்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சதி என்றார்கள். ஃபிஃபா தரவரிசையில் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர், 10 பேரை வரிசைப்படுத்திப் போடும் ஓட்டு அது. மூன்றாவது இடத்தில் பெல்லிங்ஹாம், நான்காவது இடத்தில் கார்வஹால். இருவரும் ரியல் மாட்ரிட். ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேர் ஒரே தொகுதியில் நின்றால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? மூவருக்கும் ஓட்டுப் பிரிந்தது. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கூடவே யூரோவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரும் இருந்தது.

சிறந்த பயிற்சியாளர் விருதில் இன்னொரு குழப்பம். 2013-14 பிரீமியர் லீக்கில் பட்டம் வென்றது பெல்லெக்ரினியின் மான்செஸ்டர் சிட்டி. விருதோ 11-வது இடத்தில் முடித்த கிரிஸ்டல் பேலஸின் டோனி பியூலிஸுக்குப் போனது. நவம்பரில் அவர் வந்தபோது அந்த அணி அடிவாரத்தில் கிடந்தது. பல சமயம் இந்த விருது, சீசன் தொடக்கத்தில் நம் கணிப்பு எவ்வளவு தப்பாக இருந்தது என்பதைத்தான் அளக்கிறது. அதனால் அடுத்த சீசனுக்கு இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லெஸ்டருக்கு 2016-இல் பட்டம் வாங்கித் தந்து இந்த விருதையும் வாங்கிய ரனியேரியை, 2017 பிப்ரவரியில் அதே கிளப் வேலையை விட்டு அனுப்பியது.

நம்மூர்க் கதை ஒன்றும் இருக்கிறது. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே மட்டராசி, அவர்தான் 2015 இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்சி பயிற்சியாளர். அந்த சீசனின் நடுவில் சென்னை பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது, ஆளை மாற்று என்ற குரல்கள் எழுந்தன. பிறகு அடுத்தடுத்து ஜெயித்து இறுதியாட்டம் வரை போனது. அங்கே 89-வது நிமிடத்திலும் கோவா 2-1 என்று முன்னால் இருந்தது. அப்புறம் கோவா கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோல் ஒன்று, கூடுதல் நிமிடத்தில் மெண்டோசா அடித்தது ஒன்று. கோப்பை சென்னைக்கு வந்தது. அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் மட்டராசி புதிதாக எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.