நகராட்சி அஜெண்டாவைப் படிப்பது எப்படி? முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

நகர்மன்றக் கூட்டம் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வரும் நான்கு வரிதான். இன்ன கவுன்சிலர் வெளிநடப்பு, காலி குடத்தோடு வந்தார், கூச்சல் குழப்பம், "52 தீர்மானங்கள் நிறைவேறின". அந்த 52 என்னென்ன என்று அதில் இருக்காது. நம் தெருச் சாக்கடை, நம் ஊர்ச் சந்தையின் சுங்கம், பேருந்து நிலையக் கழிப்பறையை யார் குத்தகைக்கு எடுத்தார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்தான் கிடக்கிறது.

அந்தப் பொருள்களைக் கூட்டத்துக்கு முன்பே பட்டியல் போட்டு வரும் தாள்தான் அஜெண்டா, அதைப் படிக்கத் தனிப் படிப்பு எதுவும் தேவையில்லை. நடை கொஞ்சம் பழையது, சொற்கள் கொஞ்சம் கரடுமுரடு, அவ்வளவுதான். நான் முதன்முதலில் ஓர் அஜெண்டாவைக் கையில் வாங்கியபோது நாவல் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, பன்னிரண்டாம் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கொள்முதலில் தூங்கிப்போனேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இது. தமிழ்நாட்டு நகராட்சிகளை மனதில் வைத்து எழுதுகிறேன், பேரூராட்சிக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

படி 1: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மன்றம் வேறு, அலுவலகம் வேறு. இது புரியாமல்தான் பாதிப் பேர் தவறான ஆளிடம் சண்டை போடுகிறார்கள். மன்றம் என்பது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19இல் நாம் வாக்களித்தது வார்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான், தலைவர் தேர்தல் மார்ச் 4இல் மன்றத்துக்குள்ளேயே நடந்தது. இன்னொரு பக்கம் ஆணையர், பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர், வருவாய்ப் பிரிவு என்று அரசு ஊழியர்கள்.

அஜெண்டாவைத் தயாரிப்பது அலுவலகம். முடிவெடுப்பது மன்றம். அந்த முடிவைச் செயல்படுத்துவது மறுபடியும் அலுவலகம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் "தீர்மானம் போட்டாச்சு, ஆனால் வேலை நடக்கவில்லை" என்ற வழக்கமான புலம்பலுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

மன்றத்துக்குள்ளேயே சில சின்னக் குழுக்களும் உண்டு: ஒப்பந்தக் குழு, நியமனக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு. இதில் கடைசியாகச் சொன்னதை நினைவில் வையுங்கள், சொத்து வரி கன்னாபின்னாவென்று வந்தால் உதவும்.

படி 2: தாளைக் கையில் வாங்குங்கள்

கூட்டம் பொதுவாக மாதம் ஒருமுறை. அதற்குச் சில நாள் முன்பே ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் அஜெண்டா போய்விடும். "பொருள் நிரல்" என்று அட்டையில் இருக்கும், ஆனால் அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அஜெண்டா என்று கேட்டால்தான் உடனே புரியும். எளிய வழி, உங்கள் வார்டு உறுப்பினரிடம் "படித்துவிட்டுத் தருகிறேன், போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்பது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சிலருக்கு, யாரோ ஒருவர் இதைப் படிக்கிறார் என்பதே சந்தோஷம்.

கிடைக்கவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 3: ஒவ்வொரு பொருளிலும் கடைசி வரியை முதலில் படியுங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு மாதிரிப் பொருளைப் பாருங்கள், நான் கற்பனையாக எழுதியதுதான், ஆனால் நடை இப்படித்தான் இருக்கும்:

"பொருள் எண் 17. வார்டு 9, மேற்குத் தெருவில் சிதிலமடைந்த நிலையில் உள்ள மழைநீர் வடிகாலை அகற்றிவிட்டுப் புதிதாக அமைக்கும் பணிக்கு ரூ.8.40 இலட்சத்திற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. இதற்கான செலவினத்தை வருவாய் நிதியிலிருந்து மேற்கொள்ளவும், ஒப்பந்தப்புள்ளி கோரவும் மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்."

இதில் உயிர் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அங்கே வரும் சொல்லை வைத்து எல்லாப் பொருளையும் மூன்று கட்டாகப் பிரித்துவிடலாம்.

"அனுமதிக்கலாம்" என்றால் வேலை இன்னும் நடக்கவில்லை. கேள்வி கேட்க இதுதான் சரியான நேரம்.

"பின்னேற்பு" என்று வந்தால், வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது அல்லது நடந்துகொண்டிருக்கிறது, தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்துவிட்டார்கள், இப்போது மன்றத்தின் ஒப்புதலுக்காக வைக்கிறார்கள் என்று அர்த்தம். இதுவே முறைகேடு என்று குதிக்காதீர்கள். குடிநீர்க் குழாய் உடைந்தால் அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது, மோட்டார் எரிந்துபோனால் அன்று மாலைக்குள் வேறு மோட்டார் இறங்கியாக வேண்டும். ஆனால் பூங்காவுக்கு வண்ணம் அடித்தது, அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கியது மாதிரி எந்த அவசரமும் இல்லாத விஷயங்கள் பின்னேற்பில் தலைகாட்டினால் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அஜெண்டா முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு நகராட்சி எப்படி நடக்கிறது என்பது பின்னேற்புகளின் எண்ணிக்கையிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

மூன்றாவது, "பதிவு செய்யலாம்". அரசிடமிருந்தோ நகராட்சி நிர்வாக இயக்குநரிடமிருந்தோ வந்த ஆணை, கடிதம், சுற்றறிக்கை. மன்றம் தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதில் பெரும்பாலானவற்றை வேகமாகத் தாண்டலாம், ஆனால் "வரி", "கட்டணம்", "எல்லை விரிவாக்கம்" என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நில்லுங்கள். 2022இல் சொத்து வரி உயர்ந்ததும் மேலிருந்து வந்த ஆணையில்தான் தொடங்கியது. 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 விழுக்காடு, வீடு பெரிதாகப் பெரிதாக அதற்கு மேல். ஒன்றிய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைத் திருத்தியாக வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் இருந்தது. மன்றத்தில் எதிர்த்துப் பேசலாம், பல ஊர்களில் பேசவும் செய்தார்கள். ஆனால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று திட்டியவர்களுக்கு அந்த முடிவு எங்கே பிறந்தது என்று தெரியவில்லை. மன்றத் தீர்மானத்தையே நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காசு எங்கிருந்து?

அடுத்து நிதியின் பெயரைத் தேடுங்கள். "வருவாய் நிதி", "பொது நிதி" என்றால் நகராட்சியின் சொந்தக் காசு, அதாவது நம் வரி, கடை வாடகை, குத்தகைப் பணம். "குடிநீர் நிதி" என்றால் குடிநீர் சார்ந்த வேலைக்கு. "15வது நிதிக்குழு மானியம்", "அம்ருத்", "தூய்மை இந்தியா", "கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம்" என்று பெயர் வந்தால் பணம் வெளியிலிருந்து வருகிறது, அதற்கென்று விதிகள் இருக்கும். குப்பைக்கென்று வந்த மானியத்தை எடுத்து உங்கள் தெருவுக்குச் சாலை போட முடியாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

"நமக்கு நாமே" என்று இருந்தால் அங்கே பொதுமக்கள் பங்களிப்பு உண்டு, பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. யார் கட்டினார்கள் என்று பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

சொந்த நிதியிலிருந்து வரும் வேலையில் ஒரு தலைவலி உண்டு. தீர்மானம் இருக்கும், டெண்டர் இருக்கும், கணக்கில் பணம் இருக்காது. முந்தைய வேலைக்கே பில் பாஸாகாத ஒப்பந்ததாரர் புது வேலையைத் தொடமாட்டார். வடிகால் பள்ளம் தோண்டி அப்படியே கிடப்பதற்கு நான் பார்த்தவரை பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் இதுதான் காரணம், சோம்பேறித்தனம் அல்ல.

படி 5: ஒரே வேலையை மாதக்கணக்கில் பின்தொடருங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. அதே மேற்குத் தெரு வடிகால் மூன்று நான்கு முறை வரலாம். முதலில் மதிப்பீட்டுக்கு அனுமதி. பிறகு ஒப்பந்தப்புள்ளி ஏற்பு: இன்னார் மதிப்பீட்டைவிட இத்தனை விழுக்காடு குறைவாகக் கொடுத்திருக்கிறார், ஏற்கலாம் என்று. அப்புறம் கால நீட்டிப்பு. சில நேரம் திருத்திய மதிப்பீடு, அதாவது "பாறை வந்துவிட்டது, கூடுதல் செலவு". ஒரே வேலைக்கு மறுபடி மறுபடி பணம் ஒதுக்குகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

பின்தொடர உங்களுக்கு உதவுவது கோப்பு எண். ஒவ்வொரு பொருளின் அடியிலோ ஓரத்திலோ "ந.க.எண்" என்று ஓர் எண்ணும், ஆண்டும், ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து பிரிவைச் சொல்கிறது. பெரும்பாலும் "இ" என்றால் பொறியியல், "எச்" என்றால் பொது சுகாதாரம், "எஃப்" என்றால் நகரமைப்பு. வேலையின் பெயரை ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி எழுதுவார்கள், கோப்பு எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஒரு நோட்டில் எண்ணை எழுதி, எதிரே தேதிகளைக் குறித்துவாருங்கள்.

ஒப்பந்தப்புள்ளி ஏற்பில் எத்தனை பேர் போட்டி போட்டார்கள் என்று பாருங்கள். ஒரே ஒருவர்தான் கலந்துகொண்டார் என்றால், அதுவும் தொடர்ந்து அதே ஒருவர் என்றால், வட்டம். மதிப்பீட்டைவிட மிகவும் குறைத்து எடுத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். சிமெண்டு எல்லாருக்கும் ஒரே விலைதானே, எங்கே குறைப்பார்?

இன்னொன்று, வார்டு எண். 2022 தேர்தலுக்கு முன்பு நடந்த மறுவரையறையில் பல ஊர்களில் எண்கள் மாறிவிட்டன, பழைய கோப்பில் பழைய எண்ணே இருக்கும். எண்ணை நம்பாதீர்கள், தெருப் பெயரைத் தேடுங்கள்.

படி 6: சின்னதாகத் தெரியும் பெரிய பொருள்கள்

வடிகாலும் தெருவிளக்கும் எல்லார் கண்ணிலும் படும். படாதவை இரண்டு.

ஒன்று, குத்தகையும் ஏலமும். வாரச்சந்தை, பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்ட், கட்டணக் கழிப்பிடம், கடைகள். கடந்த முறை எவ்வளவுக்குப் போனது, இந்த முறை எவ்வளவு, ஏலத்துக்கு யாரும் வரவில்லை என்று தொகையைக் குறைத்தார்களா என்று ஒப்பிடுங்கள். நகராட்சிக்கு இந்தப் பணம் குறைந்தால் இழப்பு எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு, புது மனைப்பிரிவில் சாலையையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் மூலம் நகராட்சிக்கு ஒப்படைக்கும் பொருள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்காகக் கொடுத்தே ஆக வேண்டும். மன்றம் ஏற்றுக்கொண்ட அந்த நாளிலிருந்து அது நகராட்சி இடம், நம் இடம். பத்து வருடம் கழித்து அங்கே கடை முளைத்தால் கையில் இருக்க வேண்டிய தாள் இந்தத் தீர்மானம்தான். உங்கள் பகுதியில் புது நகர் உருவாகிறதென்றால் இதை மட்டுமாவது நகலெடுத்து வையுங்கள்.

படி 7: கூட்டத்தன்று

முடிந்தால் பார்வையாளராகப் போய் உட்காருங்கள். கட்டாயம் கவனிக்க வேண்டியது டேபிள் அஜெண்டா, அதாவது முன்கூட்டி அனுப்பாமல் கூட்டம் தொடங்கும்போது மேசையில் வைக்கும் கூடுதல் பொருள்கள். கவுன்சிலர்களே அப்போதுதான் முதல்முறை பார்ப்பார்கள். 52 பொருள்கள் அரைமணி நேரத்தில் "ஆல் பாஸ்" ஆவதைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள், பேசவேண்டியதை முந்தைய நாளே பேசி முடித்திருப்பார்கள். கூச்சல் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள், எந்தப் பொருள் எண்ணை "ஒத்திவைப்பு" என்றார்கள் என்பதை மட்டும் குறியுங்கள்.

நீங்களே ஒரு விஷயத்தை மன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பகுதி சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டம், இருக்கிறது. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

படி 8: தீர்மானத்துக்குப் பிறகு

கூட்டத்தில் கேட்டது ஒன்று, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது ஒன்றாக இருக்கக்கூடும். எனவே நகல் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள் விண்ணப்பம், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வரவில்லையென்றால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. பதிவேட்டை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

விண்ணப்பத்தில் இவ்வளவு போதும்: "இன்ன தேதியில் நடந்த சாதாரணக் கூட்டத்தில் பொருள் எண் 17இன் மீது நிறைவேற்றப்பட்ட தீர்மானத்தின் நகல், அந்தப் பணிக்கு வழங்கப்பட்ட வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல்." அளவுப் புத்தகத்தை அலுவலகத்தில் எம் புக் என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை ஆழம் என்று பில் போட்டார்கள் என்பது அதில் இருக்கும், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். ஏன் செய்யவில்லை, ஏன் தாமதம் என்று கேள்வி எதையும் கூடவே சேர்க்காதீர்கள். "ஏன்" என்பது தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.