சிறுநீரக றிப்போர்ட்டில் இருதயத்தையும் பார்க்கும் முறை

நீரிழிவுக்கோ பிரஷருக்கோ கிளினிக் போகிறவர்களின் கோப்பில் குருதிக் கிரியேட்டினின் முடிவு அநேகமாக இருக்கும். சிறுநீரில் அல்புமின் என்ற குருதிப் புரதம் எவ்வளவு கசிகிறது என்ற முடிவைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தை அளப்பதற்கு இரண்டும் வேண்டும். இருதய நோய் வரும் சாத்தியத்தைக் கணிப்பதற்கும் அப்படியே.

கிரியேட்டினின் என்பது தசைகளில் உருவாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவுப்பொருள் என்பதால், தசை மெலிந்த முதியவருக்குச் சிறுநீரகம் நலிந்த பின்னரும் அதன் அளவு சாதாரணமாகத் தென்படலாம். வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் வாழும் 65 வயதுத் தாய்க்கும் 30 வயது மகனுக்கும் 1.2 மி.கி./டெ.லீ. என்று ஒரே முடிவு வந்ததாக வைத்துக்கொள்வோம். சில ஆய்வுகூடங்கள் இதையே 106 மைக்ரோமோல் என எழுதும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சமன்பாட்டின்படி மகனின் சிறுநீரகம் குருதியை வடிகட்டும் வீதம், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 மி.லீ., தாயினது 50. வீதம் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆகவே றிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர் அச்சிடப்படாதிருந்தால் கணித்துத் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். குருதி கொடுப்பதற்கு முந்திய இரவு இறைச்சிக் கொத்தும் புரியாணியும் வேண்டாம். சமைத்த இறைச்சி கிரியேட்டினினைச் சில மணிநேரம் உயர்த்திக் காட்டும்.

அடுத்தது சிறுநீரின் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். காலையில் எழுந்ததும் வரும் முதற் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உடற்பயிற்சி ஆகியவை முடிவைக் குழப்பும் என்பதால் அந்த நாட்களைத் தவிருங்கள். 30 மி.கி./கிராம், அல்லது 3 மி.கி./மி.மோல், தாண்டினால் மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டி சிறிய கசிவைத் தவறவிடக்கூடும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்று ஆறுதலடைய வேண்டாம்.

இருதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக்குழாய்ச் சுவர் பழுதடைந்து அல்புமினைக் கசியவிடும்போது, உடலின் மற்றக் குழாய்களின் உட்சுவரும், இருதயத் தமனிகள் உட்பட, பெரும்பாலும் அதே பாதிப்புக்கு ஆளாகியிருக்கும். வடிகட்டல் குறையக் குறைய உப்பும் நீரும் தேங்கிக் குருதியமுக்கம் ஏறுகிறது, இடது இதயவறையின் சுவர் தடிக்கிறது, பொசுபரசு மிகுந்து தமனிகளில் கல்சியம் படிகிறது. இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஆபத்தைக் காட்டுவதால்தான் ஒன்று நன்றாயிருந்தாலும் மற்றதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயலிசிஸ் நிலையை எட்டுமுன் இருதய நோயால் இறக்கிறார்கள். அமெரிக்க இருதயச் சங்கம் 2023இல் வெளியிட்ட, இருதய நோய் ஆபத்தை மதிப்பிடும் பிரிவென்ட் கணிப்பான் ஈ.ஜி.எஃப்.ஆரையும் சேர்த்தே கணிக்கிறது.

சிறுநீரக நோய் என்றால் அனுராதபுர மாவட்டத்தின் மதவாச்சி, பதவியா வயற்காரருக்கு வருவது என்ற எண்ணம் கொழும்பில் இன்னும் இருக்கிறது. காரணம் தெரியாத அந்த நோய் வேறு. நகரத்தவர் முதலில் அஞ்ச வேண்டியவை நீரிழிவும் குருதியமுக்கமுமே. இவற்றில் ஒன்று இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு பரிசோதனைகளையும் செய்து, இருதய கிளினிக்குக்குப் போகும்போதும் அந்த முடிவுகளைக் கொண்டுபோக வேண்டும். மூட்டுவலிக்குப் பார்மசியில் தாமாகவே வாங்கிப் போடும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் குளிசைகளையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

எனலாப்ரில், லொசார்டன் போன்ற பிரஷர் மருந்தைத் தொடங்கியபின் கிரியேட்டினின் சிறிது ஏறினால், மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். முதல் நான்கு வாரங்களில் 30 சதவீதம் வரையான ஏற்றம் பொதுவாக ஏற்கப்படுவதே. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்த்து, நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரிடமே கேளுங்கள்.