நீலகிரிப் பாறையில் பழைய காந்தத் திசை தேடுவோர் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில், செடி வரிசைகளுக்கு நடுவே ஆளுயரப் பாறை ஒன்று நின்றது. உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை மினுமினுப்பு. மாணவனாக இருந்தபோது, பழைய காந்தத் திசையைப் படிக்க மாதிரி எடுப்பதற்காக, அரை நாள் செலவழித்து அதில் எட்டுத் துளைகள் போட்டேன். இறங்கி வரும்போது, பாதைக்காக மண் வெட்டிய இடத்தில் அதன் அடிப்பாகம் தெரிந்தது. சுற்றிலும் செம்மண். அந்தப் பாறை மலையோடு ஒட்டியதே அல்ல. எட்டு மாதிரிகளும் வீண்.

முதல் தவறு இதுதான், மலையில் அதிகம் நடப்பதும் இதுதான். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல். மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கி, கல்லின் மூலைகளை அரித்து மண்ணாக்கிவிடும். நடுவில் மிஞ்சும் உருண்டை, மண்ணுக்குள் புதைந்தபடியே மெல்ல நகரும். 1978, 2009 நவம்பர் மாதங்களில் நடந்தவை போன்ற நிலச்சரிவுகளில் அது புரண்டும் போகும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையோர வெட்டுகளில் வெங்காயத் தோல்போல் உரியும் உருண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாறையின் அடியைக் காணாமல் துளை போடாதீர்கள். ஓடைப் படுகையும் குவாரிச் சுவரும் நம்பகமானவை. அங்கே ஒரே வெடிப்பு பல மீட்டர் தூரம் அறுபடாமல் ஓடுவதைக் கண்ணால் பின்தொடரலாம்.

புரண்ட கல் ஏன் உதவாது? பாறை ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள், 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும், அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நாம் ஆய்வகத்தில் படிப்பது அந்தத் திசையைத்தான். ஆகவே கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே, அது இருந்த நிலையிலேயே, மட்டக்கோடும் அம்புக்குறியும் போட வேண்டும். பெயர்த்த பின் “இப்படித்தான் இருந்தது” என்று நினைவிலிருந்து வரைந்த அம்பை நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.

அம்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதற்குத் திசைகாட்டியை மட்டும் நம்புவதும் தவறு. பாறையே அதன் முள்ளை இழுக்கும். சுத்தியலும் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் இழுக்கும். சூரியனின் நிழலை வைத்துத் திசை கணிப்பதே சிறந்த வழி. ஆனால் ஜூலை மாதத்து நீலகிரியில் மஞ்சு இறங்கினால் பக்கத்து மரமே தெரியாது, நிழலுக்கு எங்கே போவது? மஞ்சு விலகும் நேரத்தில் ரங்கசாமி மலையையோ தொட்டபெட்டாவையோ குறிபார்த்து, அந்தக் கோணத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உச்சிப் பாறைகளின் மேல் ஆசை வேண்டாம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா போன்ற முகடுகளில் இடி விழும். மின்னலின் மின்னோட்டம் பாறையின் பழைய காந்தத்தை அழித்து, கண்டபடி புதியதைப் பதித்துவிடும். திசைகாட்டியைப் பாறைமேல் ஓர் அடி தூரம் நகர்த்திப் பாருங்கள். முள் துள்ளினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் என்னை அதிகம் வருத்துவது, ஆய்வேடுகளிலும் தலைகாட்டுவது. நீலகிரிப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று படித்ததும், அதன் காந்தமும் 250 கோடி ஆண்டுப் பழையது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வயதைச் சொல்வது பாறையிலுள்ள சிர்க்கான் என்னும் கனிம மணிகள். பாறை எழுநூறு, எண்ணூறு டிகிரியில் கொதித்த நாளை அவை நினைவில் வைத்திருக்கும். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கிடந்த பாறை 580 டிகிரிக்கு ஆறி வருவதற்கு மேலும் பல கோடி ஆண்டுகள் பிடித்திருக்கலாம். பழனி மலைக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடும். கொடைக்கானலிலும் அதே போன்ற கருங்கல்தான். ஆனால் மலையடிவாரக் கெங்குவார்பட்டி உள்ளிட்ட அந்தப் பகுதிப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடுமையாகச் சூடேறியவை. முந்தைய காந்தம் அதில் அழிந்திருக்கும். ஊட்டிக் கல்லும் கொடைக்கானல் கல்லும் கையில் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதால் இரண்டுக்கும் ஒரே வரலாறு எழுதக்கூடாது.

டைக் எனப்படும், பழம்பாறையை ஊடறுத்து நிற்கும் கரும்பாறைச் சுவர்களில் வேலை செய்பவர்கள் சுவரிலிருந்து மட்டும் மாதிரி எடுத்துத் திரும்புகிறார்கள். அதை ஒட்டியிருக்கும் பாறையிலும் எடுங்கள், பல மீட்டர் தள்ளியும் எடுங்கள். உருகிய குழம்பு ஏறியபோது ஒட்டிய பாறையும் சூடாகி அதே திசையை வாங்கியிருக்க வேண்டும். தள்ளியிருக்கும் பாறை வேறு திசை காட்ட வேண்டும். மூன்றும் ஒரே திசை என்றால் எல்லாமே பின்னாளில் மாறியவை என்று சந்தேகியுங்கள். நம் பகுதியில் இன்றைய புவிக்காந்தம் ஏறக்குறைய கிடைமட்டமாக வடக்கு நோக்கியிருக்கிறது, ஏனெனில் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிப் பக்கமாகச் செல்கிறது. மாதிரியும் அப்படியே காட்டினால், அது நேற்றைய துருவின் காந்தமாக இருக்கக்கூடும். பழுப்பேறிய மேல்தோலில் மாதிரி எடுக்காமல், துருவேறாத உட்பகுதிக்குப் போங்கள்.

பிளவுகளை, அதாவது பாறை உடைந்து நகர்ந்த கோடுகளை, பற்றிச் சுருக்கமாக: செயற்கைக்கோள் படத்தில் நேராகத் தெரியும் பள்ளமெல்லாம் பிளவு அல்ல. நீலகிரியின் வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் ஓடும் பட்டைகள், பாறை ஆழத்தில் சூடாக இருந்தபோது மாவுபோல் இழுபட்ட இடங்கள். கத்தியால் வெட்டிய கோட்டை அங்கே தேடினால் கிடைக்காது. இழைந்து நீண்ட மணிகளைத் தேட வேண்டும்.

வனத்துறை அனுமதியில்லாமல் துளைக்கருவியைத் தூக்காதீர்கள். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் நிற்கும் கல்திட்டைகளின் பலகைக்கல் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதைத் தொடக்கூடாது. அது பெருங்கற்கால மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்காகத் தூக்கி வைத்த கல்.