நின்றுபோன ரயிலைத் திரும்பக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யார்டில் ரேக் சும்மாத்தானே நிற்குது, ஊருக்கு ஓட்டினால் என்ன?" நின்றுபோன ஊர் ரயிலைத் திரும்பக் கேட்டு, மும்பைப் பக்கம் தாராவியோ டோம்பிவிலியோ, நம் ஆட்கள் எங்கே மனு எழுதினாலும் இந்த வரி வந்துவிடுகிறது. நானும் எழுதியிருக்கிறேன். அது தவறு. ரேக் என்பது ஒரு ரயிலின் மொத்தப் பெட்டித் தொடர்; பகலில் நிற்கும் ரேக் பெரும்பாலும் இரவு வேறொரு ரயிலாகக் கிளம்ப வேண்டியது.

மும்பையிலிருந்து நாகர்கோவில் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாள். இன்று இரவு கிளம்பும் ரேக் திரும்பி வந்து, கழுவி, பிட் லைனில், அதாவது பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பள்ளம் வைத்த தடத்தில், சோதனை முடித்து மறுபடி புறப்பட நாலு நாள் ஆகும். அப்படியானால் தினசரி ரயிலுக்கு நாலு ரேக் வேண்டும், மாற்றுப் பெட்டிகள் தனி. 'தினசரி' என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஐசிஎஃப் என்ற பழைய வகைப் பெட்டி இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பதும் நடக்காது. எல்எச்பி என்ற புது வகைப் பெட்டியின் இணைப்பே வேறு. வெகுநாள் நின்ற பெட்டி என்றால் பேட்டரி, பிரேக் எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே வரும்.

ஆள் விஷயத்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். லோகோ பைலட்டுக்கு எஞ்சின் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தத் தடத்தின் சிக்னலும் வளைவும் ஏற்றமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சில மாதம் அந்தப் பக்கம் போகாதவர், தடம் தெரிந்தவரோடு போய்ப் பழகிய பிறகே தனியாக ஓட்டலாம். கர்ஜத்தில் வடை வாங்க இறங்கும்போது கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். பேங்கர் எஞ்சின்கள் வந்து ஒட்டும். 37 அடிக்கு 1 அடி ஏறும் 'போர் காட்' மலைப்பாதையில் லோணாவளா வரை தள்ளிவிடுவது அவைதான். கூடுதலாக ஒரு ரயில் என்றால் அங்கேயும் எஞ்சினும் ஆளும் வேண்டும்.

புதிதாக ஆள் எடுத்தால் உடனே தீருமா? 2024-இல் உதவி லோகோ பைலட் பணிக்கு முதலில் அறிவித்தது 5,696 இடம், பிறகு அதை 18,799 ஆக்கினார்கள். தேர்வு, மருத்துவச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிந்துதான் அவர்கள் எஞ்சினில் ஏற முடியும்.

சின்னச் சாமானையும் மறக்கக் கூடாது. கொரோனாவில் நிறுத்திய ஏசி பெட்டிப் போர்வையைத் திரும்பக் கொடுக்க 2022 மார்ச்சில்தான் உத்தரவு வந்தது. அப்புறமும் எல்லா ரயிலுக்கும் வந்து சேரப் பல வாரம் ஆயிற்று.

சரி, மனுவில் என்ன கேட்கலாம்? ஏற்கெனவே ஓடும் வாராந்திர ரயிலின் ரேக் எந்தெந்த நாள் காலியாக நிற்கிறது என்று பார்த்து, அந்த நாளைக் குறிப்பிட்டு இன்னொரு நடை கேளுங்கள்.