துவாரபாலகர் டாட்டா காட்டவில்லை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு என் தங்கை பேத்தியைக் கூட்டிப் போயிருந்தேன். வாசலில் காவல் நிற்கும் துவாரபாலகரை அண்ணாந்து பார்த்தவள், "தாத்தா, அவர் யாருக்கு டாட்டா காட்டுறார்?" என்றாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் படம் வரையக் கற்றுக்கொடுத்தவன் நான். அவளுக்குச் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்கிறேன்.

முகத்தை விட்டுவிடுங்கள். கோரைப்பல்லும் உருட்டு விழியும் எல்லோரையும் அங்கேயே நிறுத்திவிடும். கைகளுக்கு வாருங்கள். சோழர் காவலருக்குப் பெரும்பாலும் நான்கு கை. மண்டகப்பட்டு மாதிரி, பாறையைக் குடைந்து செய்த பல்லவர் கோயில்களில் இரண்டுதான். ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து மற்றவை மடங்கியிருந்தால் அது தர்ஜனி, 'ஜாக்கிரதை' என்று அர்த்தம். வகுப்பில் நான் அதிகம் பிடித்த முத்திரை அதுதான்.

இனி, விரல்கள் விரிய உயர்த்திய கை. உள்ளங்கை நம்மைப் பார்த்தால் அபயம், 'அஞ்சாதே'. காவலர் காட்டுவதோ புறங்கை. இது விஸ்மயம், வியப்பு. கல் தேய்ந்து குழப்பமாக இருந்தால் கட்டைவிரலைத் தேடுங்கள்: தலைப்பக்கம் இருந்தால் உள்ளங்கை, வெளிப்பக்கம் இருந்தால் புறங்கை. சந்தேகமா? உங்கள் கையையே தூக்கி, உள்ளங்கையை முகத்துக்குத் திருப்பி 'யம்மாடி, எம்மாம் பெரிசு!' என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.

எதைப் பார்த்து இந்த வியப்பு? பெரிய கோயிலில் அதற்கு விடை காவலரின் காலடியில் இருக்கிறது. அவருடைய கதாயுதத்தைச் சுற்றிய பாம்பின் வாயைப் பாருங்கள். ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையின் அளவு நமக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது? அந்தப் பாம்பே கயிறு மாதிரி சுற்றிக் கிடக்கும் கதாயுதம்? அந்தக் கதாயுதத்துக்குச் சொந்தக்காரர்? அப்படிப்பட்டவரே கையைத் திருப்பி வியக்கிறார் என்றால் உள்ளே இருப்பவரின் அளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1010-ல் முடிந்த, கருவறைக்கு மேல் எழும் அந்த விமானம் அறுபது மீட்டருக்கு மேல் உயரம். ஆனாலும் எனக்கு இந்தக் கைதான் அதைவிட உயரமாகப் படுகிறது. யானைக் கதையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழிகாட்டிகள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கையைக் காட்டாமல் யானையைக் காட்டி என்ன பயன்?

வெயில் உச்சிக்கு ஏறுமுன் போங்கள். சாய்வான வெளிச்சத்தில்தான் விரல்கள் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம். அங்கே நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவள்தான் சொல்ல வேண்டும்.